புயலின் வலிமை எண்ணைப் படிப்பது எப்படி: ராமநாதபுரம் கடற்கரையில் வானிலைத் தகவல் சொல்லும் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்களுக்கு

2020 டிசம்பர் 3 மாலை, புரெவி புயல் வந்த நேரத்தில், மண்டபம் ஊருக்கு அருகே எங்கள் மீனவர் சங்க அலுவலகத்து ஒலிபெருக்கியில் "புரெவி வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகிவிட்டது" என்று வாசித்தவன் நான்தான். அறிக்கையில் இருந்ததைச் சொல் மாறாமல் வாசித்தேன். ஆனால் கரையில் நின்றவர்களின் காதில் விழுந்தது "வலுவிழந்து" என்ற ஒரு சொல் மட்டுமே. தென்கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடாக் கரையில், மேட்டில் ஏற்றிக் கட்டியிருந்த வள்ளங்களில் இரண்டை, விடிந்ததும் தொழிலுக்குப் போகலாம் என்று இறக்கி ஒற்றைக் கயிற்றில் நிறுத்திவிட்டார்கள். அதுவரை வாடையாக (வடகாற்றாக) அடித்த காற்று இரவில் கொண்டலுக்கும் (கீழ்க்காற்று), பிறகு சோழகத்துக்கும் (தென்காற்று) திரும்பி, நேராகத் தென்கரையில் வந்து மோதியது. காலையில் ஒரு வள்ளம் பக்கப்பலகை பிளந்து கிடந்தது. இன்னொன்றின் இயந்திரத்தைக் காணவில்லை. அந்தத் தாழ்வு மண்டலமோ ராமநாதபுரத்துக்குத் தென்மேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில், மன்னார் வளைகுடாவில், மறுநாளும் நகராமல் நின்றுகொண்டிருந்தது.

அதன் பிறகு அந்த இரண்டு குடும்பங்களுக்காக இழப்பீட்டு மனு எழுதும் வேலையும் என்னிடமே வந்தது. புயலின் வலிமை என்று அறிக்கையில் அச்சாகும் எண் எப்படிப் பிறக்கிறது, எத்தனை முறை திருத்தப்படுகிறது, எந்தத் தாளில் எந்த எண் இருக்கும் என்பதை அந்த மனுக்களோடு அலைந்தபோதுதான் கற்றுக்கொண்டேன். சங்கத்திலோ ஊராட்சியிலோ பள்ளியிலோ இந்தப் பொறுப்பை ஏற்றிருப்பவர் அதே அலைச்சலைப் படாமல் இருக்க, செய்யவேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

முதலில் கோடுபோட்ட நோட்டு ஒன்று. அடுத்து, அட்சரேகையும் தீர்க்கரேகையும் அரைப் பாகைக்கு ஒரு கோடாகப் போட்ட தென் தமிழகம், வட இலங்கை வரைபடம். பெரிய தாளில் நகல் எடுத்துக்கொண்டால் போதும். பாம்பன் ஏறத்தாழ 9.3 பாகை வடக்கு, 79.2 பாகை கிழக்கில் இருக்கிறது. நம் பகுதியில் ஒரு பாகை, எந்தத் திசையில் அளந்தாலும், சுமார் 110 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கைகளுக்குக் கட்டணம் இல்லை. சென்னை மண்டல மையம் தமிழிலும் வெளியிடுகிறது. டெல்லியில் உள்ள வெப்பமண்டலப் புயல்களுக்கான மண்டலச் சிறப்பு மையம் ஆங்கிலத்தில் விரிவாக வெளியிடுகிறது. இரண்டும் வேண்டும். தமிழ் அறிக்கை ஊருக்குச் சொல்வதற்கு. டெல்லி அறிக்கை, வலிமை எண் எப்படி வந்தது என்ற காரணம் அதில்தான் இருக்கிறது என்பதற்காக. ஒவ்வோர் அறிக்கையையும் கோப்பாகச் சேமித்து, முக்கியமானவற்றை அச்செடுத்து வையுங்கள். பக்கங்களில் பழைய அறிக்கையின் இடத்தில் புதியது வந்துவிடும். "நேற்று என்ன சொன்னார்கள்" என்று மூன்று மாதம் கழித்துத் தேடுவது மிகவும் சிரமம்.

காற்று வேகமானி வாங்க வேண்டாம். இரண்டாயிரம் ரூபாய்க்குக் கைக்கருவி ஒன்று வாங்கி மொட்டை மாடியில் நின்று அளந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், சில நிமிடங்களுக்குச் சராசரி எடுத்த காற்றையே வானிலை நிலையங்கள் கணக்கில் கொள்கின்றன. தென்னை மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே நின்று நாம் படிக்கும் எண் எதனோடும் ஒப்பிட முடியாதது.

2. பெயரை அல்ல, எண்ணை எழுதுங்கள்

வானிலைத் துறையின் வகைகள் முழுக்க முழுக்கக் காற்றின் வேகத்தை வைத்தவை. மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 முதல் 88 வரை புயல். 89 முதல் 117 வரை தீவிரப் புயல். 118 முதல் 166 வரை மிகத் தீவிரப் புயல். 167 முதல் 221 வரை அதற்கும் மேலான ஒரு வகை; 222ஐத் தொட்டால் சூப்பர் புயல். இவற்றுக்கான தமிழ்ப் பெயர்களை நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் ஒரே மாதிரி பயன்படுத்துவதில்லை. "அதி தீவிர" என்பது ஓரிடத்தில் ஒரு படியையும் இன்னோரிடத்தில் அடுத்த படியையும் குறித்து வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே நோட்டில் வேகத்தையே எழுதுங்கள்.

எழுதும்போது இரண்டு எண்களைப் பிரித்து எழுதுங்கள். "மணிக்கு 55 முதல் 65 கி.மீ., இடையிடையே 75" என்று வந்தால், முதலில் இருப்பது நீடித்த காற்று, 75 என்பது சில விநாடிகள் மட்டும் ஓங்கி அடிக்கும் வீச்சு. வகையை முடிவு செய்வது நீடித்த காற்று. ஓட்டைப் பிய்ப்பதும் கயிற்றை அறுப்பதும் பெரும்பாலும் வீச்சு. நீடித்த காற்று என்பதிலும் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு: இந்தியாவில் மூன்று நிமிடச் சராசரி, அமெரிக்கக் கடற்படையின் கூட்டு எச்சரிக்கை மையத்தில் ஒரு நிமிடச் சராசரி, உலக வானிலை அமைப்பின் பொது வழக்கில் பத்து நிமிடச் சராசரி. ஒரே புயலுக்கு அமெரிக்க மையம் கூடுதலாக ஓர் எண் சொன்னால், அதை வைத்து "நம்மாள் மறைக்கிறான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சு கிளம்பும். வேறுபாட்டின் ஒரு பகுதி சராசரியாக்கும் நேரத்தால் வருவது. மீதி, படத்தைப் பார்த்தவரின் கணிப்பால் வருவது.

ஆங்கில அறிக்கையில் வேகம் நாட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று இருக்கும். 1.852ஆல் பெருக்கினால் கி.மீ. வரும்.

பாம்பனில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணையும் இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். "அஞ்சு போய் ஆறு ஏத்திட்டான், புயல் பெருசாகுது" என்று கரையில் பேசுவது வழக்கம். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்தைக் குறிப்பவை. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது நேராக அதன் மேலேயே கடக்குமா என்பதில் மட்டுமே அவை வேறுபடுகின்றன. 8, 9, 10 இதே மூன்று நிலைகள், கடுமையான புயலுக்கு. 11 என்பது தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கான அடையாளம். அது வலிமையின் உச்சம் அல்ல.

3. அறிக்கையின் நேரத்தையும் கணிப்பின் நேரத்தையும் பிரியுங்கள்

காலை 11 மணிக்கு உங்கள் கைக்கு வரும் அறிக்கை, "காலை 8.30 மணி நிலவரப்படி" என்று தொடங்கும். எண் 8.30க்கு உரியது. வானிலை நோக்கல்கள் மூன்று மணிக்கொரு முறை, நம் நேரப்படி 2.30, 5.30, 8.30, 11.30 என்று எடுக்கப்படுகின்றன; அவற்றைத் திரட்டி, ஒப்பிட்டு, எழுதி வெளியிட நேரம் பிடிக்கிறது. தாழ்வு மண்டல நிலையில் பெரும்பாலும் ஆறு மணிக்கொரு முறையும், புயலான பிறகு மூன்று மணிக்கொரு முறையும், கரையை நெருங்கும்போது மணிக்கொரு முறையும் தகவல் வரும்.

இந்த இடைவெளி அற்பமானதன்று. 2017இல் ஒக்கி நவம்பர் 29 காலையில் தாழ்வு மண்டலமாக இருந்தது. 30ஆம் தேதி காலையில் புயலாகிவிட்டது. அத்தகைய நாளில் மூன்று மணி நேரப் பழைய எண்ணை "இப்போதைய நிலவரம்" என்று வாசிப்பது பெரும் பிழை. ஒலிபெருக்கியில் எண்ணுக்கு முன்னால் அது எந்த மணிக்குரியது என்பதைச் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லுங்கள்.

4. அந்த எண் எங்கிருந்து வருகிறது

புதியவர்கள் பெரும்பாலும், யாரோ கடலுக்குள் போய்ப் புயலின் காற்றை அளந்து வருகிறார்கள் என்று நினைக்கிறார்கள். அட்லாண்டிக்கில் விமானங்கள் புயலுக்குள் பறந்து அளக்கின்றன. வங்கக் கடலில் அந்த வழக்கம் இல்லை. இங்கே பெரும்பாலான நேரம் வலிமை எண் என்பது, செயற்கைக்கோள் படத்தில் மேகம் எப்படிச் சுருண்டிருக்கிறது என்பதைப் பார்த்து அனுபவசாலி ஒருவர் போடும் மதிப்பு. 1970களில் அமெரிக்க வானிலையாளர் வெர்னான் டிவோராக் வகுத்த முறை அது. உலகம் முழுவதும் இன்றும் அதுவே அடிப்படை.

அதைப் புரிந்துகொள்ள ஒரே வழி, ஒருமுறை கையால் செய்து பார்ப்பதுதான். நம் இன்சாட் செயற்கைக்கோள் எடுத்த படம் ஒன்றை அச்செடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கப் புதிய படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கண்ணாடித்தாளில் மெல்ல விரிந்துகொண்டே போகும் ஒரு சுருள்கோட்டை வரைந்து, படத்தில் புயல் மையம் என்று தோன்றும் இடத்தைச் சுற்றி வளைந்திருக்கும் மேகப் பட்டையின் மேல் அது பொருந்தும் வரை தாளைச் சுழற்றுங்கள். முழுச் சுற்றைப் பத்துப் பங்காகப் பிரித்தால், மேகப் பட்டை எத்தனை பங்கு சுற்றியிருக்கிறது என்று எண்ணுங்கள். பாதிச் சுற்று இருந்தால் மதிப்பு 2.5, ஆறு பங்கு இருந்தால் 3. இதற்கு டி எண் என்று பெயர். 1 முதல் 8 வரை அரை அரையாக ஏறும். 2 என்றால் 30 நாட், 2.5 என்றால் 35 நாட், 3 என்றால் 45, 3.5 என்றால் 55, 4 என்றால் 65. வகைப்பாட்டோடு வைத்துப் பார்த்தால், பாதிச் சுற்று என்ற அந்த இடத்தில்தான் ஒரு மண்டலம் "புயல்" என்ற பெயரைப் பெறுகிறது. டெல்லி அறிக்கையில் மேகங்களை விவரிக்கும் பத்தியில் இந்த டி எண்ணைத் தேடிப்பிடித்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதன்முதலில் நானும் சங்கத்துக் கணக்கரும் ஒரே படத்தின் மேல் தாளை வைத்தோம். நான் ஐந்து பங்கு என்றேன், அவர் நான்கு என்றார். மையம் எங்கே என்பதில் எங்கள் இருவருக்கும் விரற்கடை அளவு வேறுபாடு. அது போதும், ஒருவர் கணக்கில் அது புயல், மற்றவர் கணக்கில் வெறும் தாழ்வு மண்டலம். பயிற்சி பெற்றவர்களிடையேயும் இந்த வேறுபாடு சிறிய அளவில் இருக்கத்தான் செய்கிறது. அதைக் கட்டுப்படுத்தவே முறைக்குள் சில வேலிகள் இருக்கின்றன. படத்தில் அளந்த எண் ஒன்று. நேற்றைய எண்ணிலிருந்து வழக்கமான வேகத்தில், அதாவது நாளொன்றுக்கு ஒன்று என்ற கணக்கில், வளர்ந்திருந்தால் எங்கே இருக்க வேண்டும் என்ற எண் இன்னொன்று. மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் எண் மூன்றாவது. மூன்றையும் பார்த்து முடிவான எண்ணை எழுதுகிறார்கள். ஒரே இரவில் எண் தாறுமாறாக ஏறாமல் இருக்க வரம்பும் உண்டு.

வலுவிழக்கும்போது ஒரு தனி விதி இருக்கிறது. மேகம் கலைந்த உடனே காற்று அடங்கிவிடுவதில்லை. ஆகவே படத்தின்படி டி எண் இறங்கினாலும், காற்றைச் சொல்வதற்கான நடப்பு எண்ணைச் சுமார் 12 மணி நேரம் இறக்காமல் பிடித்து வைத்து, பிறகு படிப்படியாக இறக்குகிறார்கள். தொலைக்காட்சியில் மேகம் சிதறிய படத்தைப் பார்த்து "ஒண்ணுமே இல்லையே, இன்னும் ஏன் புயல்னு சொல்றாங்க" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

இந்த முறையின் துல்லியத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அட்லாண்டிக்கில் விமான அளவீட்டோடு ஒப்பிட்டதில், மதிப்பீடுகளில் பாதி 5 நாட் பிழைக்குள் இருந்தன. முக்கால் பங்கு 12 நாட் பிழைக்குள். பத்தில் ஒன்றுக்கு 18 நாட் அளவுக்கும் மேல் பிழை. 12 நாட் என்பது 22 கி.மீ. அறிக்கையில் 60 என்று இருந்தால், கரையில் நிற்பவர் அதை 50க்கும் 70க்கும் நடுவே எங்கோ என்று எடுத்துக்கொள்வது நல்லது.

5. மற்ற சாட்சிகள், நம் கடலில் அவை தடுமாறும் இடங்கள்

கடல்மேற்பரப்பில் ரேடார் அலையை அனுப்பி, அலைகளின் சொரசொரப்பிலிருந்து காற்றைக் கணக்கிடும் செயற்கைக்கோள்கள் உண்டு. ஐரோப்பாவின் மெட்டாப் வரிசையும் நம் ஓஷன்சாட்-3உம் அத்தகையவை. திறந்த கடலில் இவை நல்ல சாட்சி. கனமழையில் இவை குழம்பும். கரைக்கு அருகே நிலத்தின் எதிரொலி கலந்துவிடுவதால் ஏறத்தாழ 25 கி.மீ.க்குள் தரவு நம்பத்தக்கதல்ல. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 30 கி.மீ. சொச்சம்தான். பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவின் தலைப்பகுதியும் இருபுறமும் நிலம் நெருக்கும் கடல் என்பதால், ஒரு புயல் இலங்கையைக் கடந்து நம்மிடம் வரும் அந்த மிக முக்கியமான நேரத்தில் இந்தச் சாட்சி பெரும்பாலும் வாய்மூடிவிடுகிறது.

காரைக்கால் டாப்ளர் ரேடார் அடுத்தது. பாம்பன் அங்கிருந்து 190 கி.மீ. அளவில் இருக்கிறது. ரேடார் கற்றை சற்றே மேல்நோக்கிப் போகிறது, பூமியோ கீழ்நோக்கி வளைகிறது. கணக்கிட்டால் பாம்பனுக்கு மேல் அது பார்ப்பது ஏறத்தாழ 4 கி.மீ. உயரத்துக் காற்று. மழை எங்கே என்பதற்கு அது மிகவும் பயன்படும். "ரேடாரில் இத்தனை வேகம் காட்டியது" என்று யாராவது சொன்னால், அது நம் கூரை மட்டத்துக் காற்று இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, கரையிலும் கடலிலும் உள்ள கருவிகள்: பாம்பன், தொண்டி, தூத்துக்குடி போன்ற நிலையங்கள், தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் மிதவைகள், வழியில் அகப்படும் கப்பல்கள். இவை உண்மையாக அளப்பவை. ஆனால் மிகக் கடுமையான காற்று மையத்தைச் சுற்றிய ஒரு சிறு வளையத்தில்தான் இருக்கும். அந்த வளையம் ஒரு நிலையத்தின் மேல் நேராகப் போவது அரிது. நிலையத்தில் பதிவானது குறைவு என்பதால் புயலே குறைவு என்று சொல்லிவிட முடியாது.

6. அழுத்தத்தை நீங்களே பாருங்கள், நான்கு மணிக்கு ஏமாறாதீர்கள்

மையத்தின் காற்றழுத்தத்திலிருந்து காற்றைக் கணக்கிடும் எளிய வாய்ப்பாடு ஒன்றை நம் வானிலைத் துறை பயன்படுத்துகிறது: வெளிவட்ட அழுத்தத்திலிருந்து மைய அழுத்தத்தைக் கழித்து, அதன் வர்க்கமூலத்தை 14.2ஆல் பெருக்கினால் நாட் கிடைக்கும். வெளியே 1010, மையத்தில் 1000 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்றால் வேறுபாடு 10. காற்று 45 நாட், அதாவது புயல். மைய அழுத்தம் 998தான் என்று ஒரு நிலையம் சொன்னால் வேறுபாடு 12. காற்று 49 நாட், அதாவது தீவிரப் புயல். இரண்டே ஹெக்டோபாஸ்கலில் வகை மாறிவிடுகிறது. ஒரு கரையோர நிலையத்தின் அளவீடு பிந்தி வந்து சேரும்போது எண் ஏன் திருத்தப்படுகிறது என்பது இப்போது புரியும்.

பல கைப்பேசிகளிலேயே அழுத்தமானி இருக்கிறது. தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. பொறி ஒன்று மட்டும் உண்டு. வெப்பமண்டலத்தில் அழுத்தம் புயலே இல்லாத நாளிலும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது: காலை 10, இரவு 10 மணியளவில் உச்சம், அதிகாலை 4, மாலை 4 மணியளவில் தாழ்வு. வேறுபாடு 3 ஹெக்டோபாஸ்கல் வரை இருக்கும். முதல் வருடம் ஒரு மாலை நான்கு மணிக்கு மூன்று புள்ளி இறங்கியதைப் பார்த்துவிட்டு நான் தலைவருக்கே தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டேன், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நேற்று இதே மணிக்கு என்ன இருந்தது என்பதோடு மட்டுமே ஒப்பிடுங்கள். மாடியேறினாலும் எண் மாறும், 8 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி. ஒரே இடத்தில் வைத்துப் படியுங்கள்.

காற்றின் திசைக்குக் கருவியே வேண்டாம். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வின் மையம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். வாடை அடித்தால் மையம் கிழக்கே, இலங்கைப் பக்கம். வடகடல் கரைக்கு, அதாவது பாக் நீரிணைப் பக்கத்துக்கு, கவனம். கொண்டலாகத் திரும்பினால் மையம் தெற்கே இறங்கியிருக்கிறது. சோழகம் அடித்தால் மையம் நமக்கு மேற்கே போய்விட்டது. இப்போது அடி வாங்குவது தென்கடல் கரை. எங்கள் இரண்டு வள்ளங்களும் போனது இந்த ஒரு வரி எனக்கு அன்று தெரியாததால்.

7. ஊருக்குச் சொல்லும்போது

மீனவர்களுக்கான எச்சரிக்கை மணிக்கு 45 கி.மீ. காற்றிலிருந்தே தொடங்குகிறது, விசைப்படகுகளுக்கு மீன்துறை அனுமதிச் சீட்டை நிறுத்துவதற்குப் புயல் என்ற பெயர் தேவையில்லை. ஆகவே வகை இறங்கிய செய்தியைச் சொன்னால், அதே மூச்சில் எச்சரிக்கை நீடிக்கிறதா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். "வலுவிழந்தது" என்ற சொல்லை நான் இப்போது பயன்படுத்துவதில்லை. "மாலை 5.30 நிலவரப்படி காற்று 55, வீச்சு 65; கடலுக்குப் போகத் தடை தொடர்கிறது; காற்று சோழகமாகத் திரும்புவதால் தென்கடல் படகுகளை இறக்க வேண்டாம்" என்கிற மாதிரி சொல்கிறேன்.

மழையை இந்த எண்ணோடு சேர்க்கவே வேண்டாம். புரெவி காற்றளவில் தளர்ந்து நம் பக்கம் நின்ற நேரத்தில்தான், டிசம்பர் 4 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், வெகு தொலைவில் கொள்ளிடத்தில் 36 செ.மீ. பெய்தது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் சுமார் 44 செ.மீ., பாம்பனில் 28 செ.மீ. கொட்டியபோது கடலில் புயலே கிடையாது.

8. புயல் போன பிறகு எண் மாறும்: எப்போது, எங்கே பார்ப்பது

கரையைக் கடந்ததும் கோப்பை மூடிவிடாதீர்கள். அவசரத்தில் போட்ட எண்கள், பிறகு நிதானமாகத் திரும்பப் பார்க்கப்படுகின்றன. தொடர்பு அறுந்து பிந்தி வந்த நிலையப் பதிவு, கப்பல் குறிப்பு, ரேடார் பதிவு, சேதத்தின் தன்மை ஆகியவற்றை வைத்துப் பாதையும் வலிமையும் மூன்று மணிக்கொரு புள்ளியாக மறுபடி வரையப்படும். இதைச் சிறந்த பாதைப் பதிவு என்கிறார்கள். முதல்நிலை அறிக்கை சில வாரங்களில் வரும். ஆண்டறிக்கை அடுத்த ஆண்டில். இரண்டும் டெல்லி மையத்தின் தளத்தில் இலவசம்.

நமக்கு மிக அருகிலுள்ள எடுத்துக்காட்டு கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்தபோது வந்த அறிக்கைகள் மணிக்கு 100 முதல் 110, வீச்சு 120 என்று தீவிரப் புயல் வகையில் சொன்னன. பிந்தைய அறிக்கையில் அது 130, வீச்சு 145 என்று மிகத் தீவிரப் புயலாக உயர்ந்தது. புயல் ஒன்றுதான், கடந்த கரையும் ஒன்றுதான். தாள்களில் மட்டும் இரண்டு வகை. எதிர்த்திசை ஊசலாட்டம் புயலின் நடுவிலேயே நிகழும்: 2024இல் ஃபெஞ்சல், புயலாகும் என்றும் ஆகாமல் தளரும் என்றும் முன்னறிவிப்புகள் மாறி மாறி வந்து, பல நாள் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே இழுத்து, நவம்பர் 29 அன்றுதான் பெயர் பெற்றது. முன்னறிவிப்பு மாறுவது வேறு, நிகழ்ந்ததன் மதிப்பீடு திருத்தப்படுவது வேறு. நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி ஒதுக்குங்கள்.

உலகப் புயல்களின் பாதைகளை ஒருங்கே தொகுக்கும் ஐபிடிராக்ஸ் என்ற அமெரிக்கத் தொகுப்பும் இலவசம். வட இந்தியப் பெருங்கடலுக்குரிய கோப்பை மட்டும் இறக்கிக்கொண்டு விரிதாளில் திறந்தால், டெல்லியின் காற்று, நடப்பு எண், அழுத்தக் குறைவு ஆகியவை ஒரு பக்கமும் அமெரிக்க மையத்தின் காற்று இன்னொரு பக்கமும் தனித்தனி நெடுவரிசைகளில் இருக்கும். ஒன்றின் எண்ணை மற்றதன் பெயரில் எழுதிவிடாதீர்கள். எல்லா வேகமும் நாட் கணக்கில், எல்லா நேரமும் உலகப் பொது நேரத்தில். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். இதைக் கூட்டாமல் விட்டால் தேதியே மாறிவிடும்: கஜா நம் கணக்கில் 16ஆம் தேதி அதிகாலையில் கரை கடந்தது, அந்தக் கோப்பில் அது 15ஆம் தேதி இரவு.

9. இழப்பீட்டு மனுவுக்கு இணைக்க வேண்டியவை

நான் எழுதிய முதல் மனு திரும்பி வந்தது. "புரெவி புயலால் சேதம், 4.12.2020" என்று எழுதியிருந்தேன். அன்று, அந்த இடத்தில், அந்த மணியில், அறிக்கையின்படி புயல் இல்லை. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான். பரிசீலித்தவர் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்பியிருந்தார். எரிச்சலாக இருந்தாலும் தவறு என்னுடையது. ஆகவே முதலில் காப்பீட்டுப் பத்திரத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று படியுங்கள்; "புயல்" மட்டுமா, "கடுங்காற்று, கடல் சீற்றம்" போன்றவையும் உண்டா என்பதைப் பார்த்து அந்தச் சொல்லிலேயே மனுவை எழுதுங்கள்.

மனுவில் சேதம் நடந்த மணி, இடம், அந்த நேரத்துக்கு உரிய அறிக்கையின் எண், வெளியான நேரம், மையம் இருந்த இடம், உங்கள் கரைக்கு அதன் தொலைவும் திசையும், நீடித்த காற்று, வீச்சு ஆகியவை ஒரே பத்தியில் இருக்கட்டும். அந்த அறிக்கையின் அச்சுப்படி, அதற்கு முந்தையது, பிந்தையது, மீனவர் எச்சரிக்கையின் நகல், படகுப் பதிவுச் சான்று, நாளும் நேரமும் தெரியும் புகைப்படம் ஆகியவற்றை இணையுங்கள்.

அருகிலுள்ள நிலையத்தில் அன்று பதிவான காற்று, அழுத்தம் பற்றிய சான்று வேண்டுமானால் வானிலைத் துறைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எந்த நிலையம், எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று குறுக்கிக் கேளுங்கள். "டிசம்பர் மாதத் தரவு" என்று பொதுவாகக் கேட்டால் நாளும் கூடும், செலவும் கூடும். கட்டணம் கேட்கும் தரவைப் பொறுத்தது. பணம் கட்டும் முன் தொகையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மனுவுக்குக் கெடு இருக்குமானால் சான்றுக்காகக் காத்திராமல் அறிக்கை நகல்களோடு முதலில் கொடுத்துவிட்டு, "நிலையச் சான்று பின்னர் இணைக்கப்படும்" என்று ஒரு வரி சேர்த்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

பிந்தைய அறிக்கையில் எண் உயர்ந்திருந்தால் அதையும் துணை ஆவணமாகக் கொடுக்கலாம். ஆனால் அன்றைய அறிக்கைக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து. எது எந்தத் தேதியில் வெளியானது என்று மேல் ஓரத்தில் பேனாவால் எழுதி. எங்கள் இரண்டாவது மனுவில் நான் இணைத்த தாள்கள் பதினொன்று. அவற்றில் அலுவலர் விரல் வைத்துக் கேட்டது ஒன்றே ஒன்றைத்தான்: மையம் எந்த மணிக்கு எங்கே இருந்தது என்று கோடு போட்டிருந்த, கசங்கிய அந்த வரைபட நகல்.